பாடத்தின் முதற்சொல்லை யார் தேர்ந்தெடுத்தார்? – நகரி எல்லையிலிருந்து வயதுவந்தோர் கல்வியின் வரலாற்றைப் படித்தல்

சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள மென்பொருள், வங்கி, மருத்துவ நிறுவனங்களில் 'பாட வடிவமைப்பாளர்' என்பது இன்று நல்ல ஊதியம் தரும் ஒரு பணி. வேலைக்கு வந்துவிட்ட வயதுவந்தோர் சலிப்பின்றிக் கற்பதற்கு ஏற்றவாறு பாடத்தைத் திட்டமிடுவது, எழுதுவது, சோதிப்பது, திருத்துவது ஆகியவையே இப்பணியின் உள்ளடக்கம். இத்துறையின் வரலாற்றை நம் வகுப்பறைகளில் அமெரிக்காவிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1956-இல் புளூம் வகுத்த கல்வி நோக்கங்களின் படிநிலை, 1965-இல் காக்னே எழுதிய கற்றலின் நிபந்தனைகள், 1975-இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கிய ஐந்து கட்ட வழிமுறை என அது நீளும். இடையில் 1970-இல் மால்கம் நோல்ஸ் வருவார். வயதுவந்தோர் தம் அனுபவத்தோடு வகுப்புக்கு வருகிறார்கள், கற்பது உடனே பயன்பட வேண்டுமென எதிர்பார்க்கிறார்கள், தம் கல்வியைத் தாமே நடத்திக்கொள்ள விரும்புகிறார்கள் என்னும் அவருடைய கருத்துகளை மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள்.

இவற்றுள் எதுவும் பிழையன்று. ஆயினும் இதே வினாக்களை நம் வட்டாரத்து மக்கள் வேறு நெருக்கடியில், வேறு மொழியில் எதிர்கொண்டிருக்கிறார்கள். பழைய சித்தூர் மாவட்டத்தையும் அதன் இரு புறத்து அண்டை மாவட்டங்களையும் சேர்த்து நோக்கினால், ஏறத்தாழ எண்பது ஆண்டுக்கால வயதுவந்தோர் கல்வி வடிவமைப்பின் வரலாறு ஒன்று புலப்படுகிறது. அதனை நகரியில் நின்றுகொண்டு படிக்க முயல்வதே இப்பதிவின் நோக்கம்.

நகரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நிருவாகத்தால் ஆந்திரம், வீட்டு மொழியால் பெரிதும் தமிழ், தொழிலால் விசைத்தறி என்னும் மூன்று அடையாளங்கள் அங்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது வட ஆர்க்காட்டின் வட்டங்கள் சில அதனுள் வந்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் முழுவதும் அதனுடன் சென்றது. பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மீண்டது; நகரி, புத்தூர் ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. இத்தகைய ஊரில் வயதுவந்த ஒருவருக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர முனைபவர் முதல் வகுப்பிலேயே ஒரு முடிவெடுக்க வேண்டியவராகிறார்: எந்த மொழியில், எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது?

அ) எல்லைக் காலத்துத் தமிழ் வகுப்புகள்

இம்முடிவை வெளிப்படையாக எடுத்த முன்னோடி மங்கலங்கிழார். வடவெல்லைப் போராட்டத்தின் வரலாற்றில் ம.பொ.சி.யோடு சேர்த்துப் பேசப்படும் இவர் தொழிலால் தமிழாசிரியர். அரக்கோணம், திருத்தணி வட்டாரங்களில் தாம் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் வழியாகவும் அதன் கிளைகள் வழியாகவும் ஊர் ஊராகச் சென்று பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தமிழ் கற்பித்தார். 1953-இல் அவர் மறைந்தபோது எல்லை வழக்கு முடிந்திருக்கவில்லை. 'தமிழ்நாடும் வடவெல்லையும்' என்னும் அவருடைய நூலை அரசியல் ஆவணமாக மட்டுமே நாம் படித்து வந்திருக்கிறோம். அவருடைய வகுப்புகளைக் கல்வி வரலாற்றின் பகுதியாகப் படித்தோர் குறைவு.

வடிவமைப்பு என்னும் நோக்கில் இவ்வகுப்புகளில் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, கற்போர் ஆசிரியரிடம் வரவில்லை. ஆசிரியர் கற்போரின் ஊருக்குச் சென்றார். வேலை செய்து பிழைக்கும் பெரியவர்களுக்கு நேரமும் தொலைவுமே கல்வியின் முதல் தடைகள் என்பதை அவர் நடைமுறையில் உணர்ந்திருந்தார். இரண்டாவது, கற்பதற்கான காரணம் பாடத்துக்கு வெளியே தெளிவாக இருந்தது. தம் ஊர் எந்த மாநிலத்தில் சேரும் என்னும் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட்ட காலம் அது. தமிழ் எழுத்தைக் கற்பது தம் இருப்பைப் பதிவு செய்வதாகவே பொருள்பட்டது. ஆர்வமூட்டும் கற்றல் அனுபவம் என்று இன்று நாம் திரையில் படங்களையும் விளையாட்டுகளையும் சேர்த்து உண்டாக்க முயல்வதை அன்றைய சூழலே உண்டாக்கித் தந்தது.

இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். மரபிலக்கணமும் இலக்கியமும் மையமான கல்வி, எழுத்தை ஓரளவு அறிந்தோரைப் புலமை நோக்கி உயர்த்த வல்லது. எழுத்தே அறியாத விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அதில் நுழைவாயில் எளிதன்று.

ஆ) செயல்முறை எழுத்தறிவும் முதியோர் கல்வியும்

அந்நுழைவாயிலை அரசு வேறு திசையில் தேடியது. 1967-68-இல் தொடங்கிய உழவர் செயல்முறை எழுத்தறிவுத் திட்டம் பசுமைப் புரட்சியின் துணைத்திட்டம் எனலாம். உயர் விளைச்சல் விதை, உரம், கடன் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உழவருக்கு அவற்றோடு தொடர்புடைய சொற்களையே எழுத்தாகக் கற்பிப்பது அதன் அணுகுமுறை. வேலையைப் பகுத்தாய்ந்து அவ்வேலைக்கு வேண்டிய அறிவை மட்டும் பாடமாக்கும் முறை இது. இன்றைய நிறுவனப் பயிற்சிகளின் அடிப்படையும் அதுவே.

1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையிலான 10 கோடிப் பேரை ஐந்தாண்டுகளில் எட்டுவது அதன் இலக்கு. எழுத்தறிவு, செயல்திறன், விழிப்புணர்வு என்னும் மூன்று கூறுகளை அது முன்வைத்தது. மூன்றாம் கூறில் பாவ்லோ பிரேயரின் செல்வாக்கு தெரிகிறது. பிரேசிலின் வடகிழக்கில் உள்ள ஆங்கிக்கோஸ் ஊரில் 1963-இல் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்த அவரது முயற்சி உலகெங்கும் பேசப்பட்டது. மக்களின் வாழ்வில் கனம் கொண்ட ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றி விவாதித்து, பின்னர் அசைகளாகப் பிரித்து, அவ்வசைகளிலிருந்து புதுச் சொற்களை ஆக்குவது அம்முறை.

இந்தியத் திட்டத்தின் மையங்கள் சுமார் 30 பேர் கொண்டவை. ஒரு சுற்று பத்து மாதங்கள், 300 மணி நேரத்துக்கும் மேல். பகல் முழுவதும் வயலிலோ தறியிலோ உழைத்தவர் அரிக்கேன் விளக்கின் ஒளியில் பத்து மாதம் தொடர்ந்து வர வேண்டும். இடையில் நடவு வரும், அறுவடை வரும், பிரசவம் வரும். 'முதியோர் கல்வி' என்னும் சொல் நம் கிராமங்களில் நகைப்புக்குரியதாக மாறியதற்கு, கற்போரின் ஆர்வக்குறைவைவிட இக்கால அளவும் ஒரே கையாய் உழைத்த ஆசிரியரின் சோர்வும் பெரிய காரணங்கள்.

இ) 200 மணி நேரமும் நிமிடத்துக்கு 30 சொற்களும்

1988 மே 5 அன்று தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் இக்குறையை நேரடியாக எதிர்கொண்டது. கற்றலின் வேகத்தையும் உள்ளடக்கத்தையும் மேம்படுத்துதல் என்னும் புதிய முறையில் பாடநூல்கள் மூன்றாகப் பகுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் முந்தையதன்மேல் ஏறி நிற்கும். பயிற்சியும் தேர்வும் நூலுக்குள்ளேயே அமைந்தன. மொத்த நேரம் 200 மணியாகக் குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'எழுத்தறிந்தவர்' என்பதற்கு அளவிடத்தக்க வரையறை வந்தது: வாய்விட்டு நிமிடத்துக்கு 30 சொற்கள், மௌனமாக 35 சொற்கள் படிக்க வேண்டும், நிமிடத்துக்கு 7 சொற்கள் பார்த்து எழுதவும், சொல்வதைக் கேட்டு 5 சொற்கள் எழுதவும் வேண்டும், 1 முதல் 100 வரை எண்களை அறிந்து எளிய கணக்குகளைப் போட வேண்டும்.

பாட வடிவமைப்பைப் பயிலும் மாணவர்கள் இவ்வரையறையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். காணத்தக்க செயல், அளவு, தகுதி என்னும் மூன்றும் அடங்கிய குறிக்கோள் வாக்கியங்கள் இவை. நிறுவனப் பயிற்சிகளில் இன்று எழுதப்படும் குறிக்கோள்களுக்கும் இவற்றுக்கும் இலக்கணம் ஒன்றே.

1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும் மாவட்டந்தோறும் இயக்கமுறை பரவியது. ஆந்திரத்தில் இதை முதலில் மேற்கொண்ட மாவட்டங்களுள் சித்தூர் ஒன்று. 'அட்சர தபஸ்மான்' என்னும் பெயரில் 1990-இல் அவ்வியக்கம் நடந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆந்திரப் பிரதேசத்தின் எழுத்தறிவு 44.09 விழுக்காடு, பெண்களிடையே 32.72 விழுக்காடு மட்டுமே. ஊதியம் பெறும் ஆசிரியருக்குப் பதிலாக ஊதியமில்லாத் தொண்டர்கள், சிறு குழுக்கள், கலைப்பயணங்கள், பாடல்கள், வீதி நாடகங்கள் ஆகியவை வந்தன. பாடநூல் தொடங்குவதற்கு முன்பே ஊரில் ஒரு திருவிழாச் சூழல் உருவாக்கப்பட்டது. கற்போரின் கூச்சத்தை உடைப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி என்பதை இவ்வியக்கம் ஏற்றுக்கொண்டது.

இங்குதான் நகரியின் கேள்வி கூர்மை பெறுகிறது. திறவுசொல் முறை முழுவதும் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: கற்பவர் வாயில் ஏற்கனவே இருக்கும் சொல்லே நூலில் எழுத்தாக வரும் என்பது அது. தறியில் நீளவாட்டில் ஓடும் நூல் தமிழில் பாவு, தெலுங்கில் படுகு. குறுக்கே ஓடுவது தமிழில் ஊடை, தெலுங்கில் பேக்க. வீட்டில் தமிழ் பேசும் தறிக்காரப் பெண் 'படுகு' என்னும் சொல்லைத் தெலுங்கு எழுத்தில் கற்கும்போது, புதிய மொழி வடிவம் ஒன்றையும் புதிய வரிவடிவம் ஒன்றையும் ஒரே நேரத்தில் சுமக்கிறாள். தமிழில் மெய்யை அடுத்து மெய் வருமிடத்தில் புள்ளியிட்டு எழுதிவிடலாம். தெலுங்கில் இரண்டாம் மெய் உருமாறி முதலெழுத்தின் அடியில் அமரும். எனவே வரிவடிவங்களின் எண்ணிக்கையும் அவளுக்குக் கூடுகிறது. 200 மணி நேரம் என்பது தாய்மொழியில் கற்பவருக்குப் போட்ட கணக்கு.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. குடும்ப அட்டை, நிலப் பதிவு, வங்கிப் படிவம், பேருந்தின் பெயர்ப்பலகை ஆகியவை அவளுக்குத் தெலுங்கிலேயே வருகின்றன. தமிழில் மட்டும் எழுத்தறிவித்தால் கற்பது விரைவாகும். கற்றதைப் பயன்படுத்தும் இடம் சுருங்கும். கற்றலுக்கு எளிய மொழி ஒன்றும் பயனுக்கு உரிய மொழி வேறொன்றுமாக இருக்கும் எல்லைப்புறத்தில், தாய்மொழியில் தொடங்கி மாநில மொழிக்குப் பாலமிடுவதே கல்வியியல் காட்டும் வழி. அதற்குக் காலமும் செலவும் கூடும். 'நிமிடத்துக்கு 30 சொற்கள்' என்னும் அளவுகோலில் அக்கூடுதல் உழைப்புக்கு இடமில்லை.

ஈ) கற்போர் பாடத்தைக் கைப்பற்றியபோது

சித்தூருக்கு வடகிழக்கே நெல்லூர். அங்கு 1991-இல் 'அட்சர தீபம்' தொடங்கியது. அதன் பாட நூல்களில் 'சீதம்மா கதை' என்று ஒரு கதை இருந்தது. சாராயக் கடையால் சீரழிந்த ஓர் ஊரில் சீதம்மா என்னும் பெண் மற்றப் பெண்களைத் திரட்டிக் கடையை மூடவைப்பதே கதைச்சுருக்கம். துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதைப் படித்து, விவாதித்து, தம் ஊரின் சாராய விற்பனையைத் தாமே தடுத்து நிறுத்தினார்கள். அச்செய்தி மற்றப் பாடங்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1992-இல் சாராய ஏலங்களையே நடத்தவிடாமல் பெண்கள் மறித்தனர். போராட்டம் சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் படர்ந்தது. 1993 ஏப்ரல் 15 முதல் நெல்லூரிலும், அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997-இல் அது தளர்த்தப்பட்டது.

இந்நிகழ்வைப் பெண்ணிய வரலாறாகவும் சமூக இயக்க வரலாறாகவும் பலர் எழுதியுள்ளனர். பாட வடிவமைப்பின் வரலாறாகவும் இதைப் படிக்க வேண்டும். கதையை எழுதியவர்கள் கற்போரின் வாழ்க்கையை நன்கு ஆராய்ந்திருந்தார்கள். மாலையில் கூலிப்பணம் எங்குச் செல்கிறது என்பதே அப்பெண்களின் முதல் கணக்கு. கதை அக்கணக்கைத் தொட்டது. அதன் விளைவோ எந்தக் குறிக்கோள் வாக்கியத்திலும் இல்லை. சாராயத்தின் வருவாயை நம்பிய அரசின் நிதியிலிருந்தே அச்சான பாடநூல் அவ்வருவாய்க்கு எதிராகத் திரும்பியது. கற்றவர் கற்றதைக் கொண்டு செய்வதை வடிவமைப்பாளர் ஆள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் வட்டாரத்தில் இல்லை.

தெற்கே புதுக்கோட்டையில் அதே ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் நடந்தது. தமிழ் அறிவொளிப் பாடம் 'பட்டா' என்னும் சொல்லிலிருந்து தொடங்கியது. ப, ட் என்னும் எளிய கோட்டு வடிவங்களும் நிலமற்றோரின் நீண்ட ஏக்கமும் ஒரே சொல்லில் சேர்ந்தன. வடிவமைப்பின் சிக்கனத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை மாணவர்களுக்குக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அம்மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் மிதிவண்டி ஓட்டுதலும் எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியானது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் ஊர்வலம் வந்ததைப் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். வகுப்புக்குச் செல்லவும், தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் பிறர் துணையை நாடவேண்டாத நிலை எழுத்தறிவுக்கு ஈடான கல்வியாயிற்று.

உ) கற்பிப்போரும் கற்போரே

பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கில், மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலி. அங்குள்ள கிராமக் கல்வி மையம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து சிற்றூர்ப் பள்ளிகளுக்கெனக் கற்றல் அட்டைகளையும் கற்றல் ஏணியையும் உருவாக்கியது. ஓர் ஆசிரியரே பல வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளியில், குழந்தை தன் வேகத்தில் ஏணியின் ஒவ்வொரு படியாக ஏறும். இது குழந்தைகளுக்கான வடிவமைப்பு என்பது உண்மையே. ஆனால் அதைப் பரப்புவதற்கு முதலில் மாற வேண்டியிருந்தவர்கள் வயதுவந்த ஆசிரியர்கள். 2003-இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இதன் வழிவந்த செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. சொற்பொழிவு கேட்டு ஆசிரியர் இம்முறையைக் கற்கவில்லை. அட்டைகளைக் கையாண்டும் நடக்கும் வகுப்பைப் பார்த்தும் கற்றனர். மாநிலம் முழுவதற்கும் விரைந்து விரித்தபோது அந்நேரடி அனுபவம் பல இடங்களில் ஆணையாகச் சுருங்கியது. ஏணி சுவரில் ஒட்டிய தாளாயிற்று. நல்ல பாடப்பொருள் பயணம் செய்வது எளிது. அதன் பின்னுள்ள புரிதல் பயணம் செய்வது அரிது.

2000-இல் எப்.சி. கோலியின் முன்முயற்சியால் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் கணினிவழி எழுத்தறிவுத் திட்டத்தை ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தெலுங்கில் தொடங்கியது. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூல்களையே அசைவூட்டிய படங்களாக்கி, சுமார் 40 மணி நேரத்தில் செய்தித்தாளைப் படிக்கவைப்பது அதன் இலக்கு. எழுதுவதை ஒதுக்கிவிட்டுப் படிப்பதை மட்டும் முதன்மைப்படுத்தியதால் நேரம் ஐந்தில் ஒரு பங்காயிற்று. எதைச் சேர்ப்பது என்பதைப்போல எதை விடுவது என்பதும் வடிவமைப்பாளரின் முடிவே. ஆனால் கையெழுத்திடவும் மனு எழுதவும் விரும்பி வந்த பெண்ணுக்கு, விடப்பட்ட அப்பகுதியே முதன்மையானது.

ஊ) இன்றைய ஆய்வாளர் கேட்க வேண்டியவை

2001-இல் ஆந்திரப் பிரதேசத்தின் எழுத்தறிவு 60.47 விழுக்காடாக உயர்ந்தது, பெண்களிடையே 50.43. 2009-இல் சாட்சர் பாரத், 2022-இலிருந்து உல்லாஸ் எனப் பெயர்கள் மாறி இயக்கம் தொடர்கிறது. உல்லாஸில் தொண்டரும் கைப்பேசிச் செயலியும் உண்டு. படித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வும் உண்டு. 1988-இன் அளவுகோலுக்கு இது நேர்வாரிசு.

திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் வயதுவந்தோர் கல்வித் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வளாகத்தில் உள்ளன. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997 முதல் இயங்குகிறது. எல்லைப்புற மொழிச் சூழலில் வயதுவந்தோர் எவ்வாறு கற்கின்றனர் என்பதை ஆராய இவற்றைவிட வாய்ப்பான இடங்கள் வேறில்லை. அவ்வாய்வுக்கு மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். பாடத்தின் முதற்சொல்லை யார், எந்த ஆதாரத்தின்பேரில் தேர்ந்தெடுத்தார்? கற்பவரின் நாளில் எந்த நேரம் அவருக்கே உரியது என்பதை வடிவமைப்பாளர் அறிந்திருந்தாரா? தேர்வு முடிந்த ஆறு மாதத்துக்குப் பின் கற்றதைக் கொண்டு அவர் செய்தது என்ன, அது எந்த மொழியில் நிகழ்ந்தது?

மூன்றாம் கேள்விக்கு விடை தேடுவோர் விரைய வேண்டும். 1990-இல் முப்பது வயதில் பலகையில் எழுதப் பழகிய பெண்களுக்கு இன்று அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. அவர்களுக்குக் கற்பித்த தொண்டர்கள் ஐம்பதைக் கடந்துவிட்டனர். பாடநூல்கள் மெல்லிய தாளில் அச்சானவை. வீடு மாறும்போது முதலில் எடைக்குப் போகும் காகிதங்கள் அவையே. நகரி, புத்தூர், சத்தியவேடு, நாகலாபுரம் ஊர்களில் உறவினரை உடைய மாணவர்கள் தம் வீட்டு மூத்த பெண்களிடம் ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம்: "நீங்கள் முதலில் எழுதிய சொல் எது?" அவர்கள் சொல்லும் விடையைத் தேதி, ஊர், மொழி ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். கைவசம் பழைய பாடநூலோ, தொண்டர் பதிவேடோ, சான்றிதழோ இருப்பின் படமெடுத்து உங்கள் துறை நூலகத்தில் சேருங்கள். பாடத்தை வடிவமைத்தவர்களின் அறிக்கைகள் எப்படியும் கோப்புகளில் பிழைத்துக்கிடக்கும். கற்றவர்களின் பக்கம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.